482 விசாவில் ஆஸ்திரேலியா வருகிறீர்களா? ஆஃபரில் கையெழுத்துப் போடுமுன் பள்ளிக் கட்டணத்தைக் கணக்குப் போடுங்கள்

ஆஸ்திரேலியாவில் அரசுப் பள்ளி இலவசம் என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. குடிமக்களுக்கும், நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., வாங்கியவர்களுக்கும் அது உண்மைதான். தற்காலிக வேலை விசாவில் வருகிற குடும்பத்துக்கு மட்டும் கதை வேறு. ஒரு மாநிலத்தில் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். விசா ஒன்று, சம்பளம் ஒன்று, பிள்ளையும் அதே பிள்ளை. குடியிருக்கும் மாநிலம்தான் வேறு.

இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவருவது சிட்னியில் வாடகை வீட்டு ஒப்பந்தம் போட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போன பிறகுதான். அந்தக் கட்டத்தில் பேரம் பேச எதுவும் மிச்சமிருக்காது. ஆஃபர் லெட்டர் கையில் இருந்து, இன்னும் கையெழுத்துப் போடாமல் இருக்கும் நாட்களில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

முதலில் விசா எண்ணைப் பாருங்கள்

"வொர்க் விசா" என்று பொதுவாகச் சொன்னால் பள்ளிக் கல்வித் துறையில் யாருக்கும் எதுவும் விளங்காது. அவர்கள் கேட்பது சப்கிளாஸ் எண். வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக விசா முன்பு 457 என்று இருந்தது. 2018 மார்ச்சில் அந்த இடத்துக்கு 482 வந்தது. 2024 டிசம்பர் 7 முதல் அதற்கு ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்று புதுப் பெயர். எண் மட்டும் 482 ஆகவே நீடிக்கிறது. பழைய இணையப் பக்கங்களில் 457 என்று எழுதியிருப்பதைப் படித்தால் இந்த வரலாறு நினைவிருக்கட்டும். 491, 494 போன்ற வட்டாரப் பகுதி விசாக்களும் தற்காலிக விசாக்கள்தான். ஆனால் கட்டணப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனி வரி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் 491-இல் வந்திருந்தால் அவர் அனுபவத்தை உங்கள் 482-க்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஸ்டூடண்ட் விசாவில் படிக்க வந்தவரின் பிள்ளைகளுக்கான விதிகள் முற்றிலும் வேறு.

பிள்ளையின் விசாவையும் தனியாகப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ முதன்மை விண்ணப்பதாரர். பிள்ளைகள் அவரைச் சார்ந்தவர்கள் என்ற முறையில் அதே 482-ஐப் பெறுவார்கள். பிள்ளையின் விசா தாமதமாகிறதே என்று விசிட்டர் விசாவில் அழைத்து வந்து பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. விசிட்டர் விசாவில் பொதுவாக 3 மாதங்களுக்கு மேல் படிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தை என்பதாலும் கட்டணம் போய்விடாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ பி.ஆர். ஆகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வராது. பெற்றோரின் விசாதான் அதற்கும். பிறந்ததிலிருந்து பத்து வயது வரை அங்கேயே வளர்ந்தால் அப்போது குடியுரிமை வரும், அது தனி விஷயம்.

மாநிலம் என்ன சொல்கிறது

ஆஸ்திரேலியாவில் விசா கொடுப்பது மத்திய அரசு. பள்ளி நடத்துவது மாநில அரசு. விசா கடிதத்தில் பள்ளிக் கட்டணம் பற்றி ஒரு வரிகூட இல்லாததற்குக் காரணம் இதுதான். யாரும் மறைக்கவில்லை. அது அவர்கள் துறையே இல்லை.

விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் 482 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் டியூஷன் கட்டணம் கிடையாது. மெல்பர்னிலும் பிரிஸ்பேனிலும் இருக்கும் நண்பர்கள் "ஃபீஸா? அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்வது அதனால்தான். நியூ சவுத் வேல்ஸ், அதாவது சிட்னி இருக்கும் மாநிலம், நீண்ட காலமாகவே கட்டணம் வாங்குகிறது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மேல் வகுப்புகளுக்குத் தொகை கூடும். மேற்கு ஆஸ்திரேலியா 2013-இல் பிள்ளைக்கு 4,000 டாலர் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போட்டு, கடைசியில் 2015-இல் குடும்பத்துக்கு 4,000 என்று மாற்றிக் கொண்டுவந்தது. ஒரு பிள்ளை உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்று பிள்ளைகள் உள்ளவருக்கு 12,000-க்கும் 4,000-க்கும் உள்ள வித்தியாசம். தெற்கு ஆஸ்திரேலியா குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் வழிக்குப் போனது.

இந்த மேற்கு ஆஸ்திரேலியக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டணங்கள் மாநில பட்ஜெட்டோடு வருகின்றன, மாறுகின்றன, சில சமயம் தள்ளுபடியும் ஆகின்றன. போன வருடம் வந்தவர் சொன்ன தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் பிள்ளை பள்ளியில் சேரப்போகும் ஆண்டுக்கான பட்டியலை அந்த மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் திறந்து, உங்கள் விசா எண்ணுக்கு எதிரே உள்ள வரியைப் படித்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலைப் பின்னால் யாரிடமும் காட்ட முடியாது.

ஒரு சிறு சங்கதி. ஆல்பரியும் வொடோங்காவும் ஆற்றின் இரு கரைகளில் இருக்கும் ஊர்கள். ஆல்பரி நியூ சவுத் வேல்ஸில், வொடோங்கா விக்டோரியாவில். குயின்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்ட்டுக்கும் நியூ சவுத் வேல்ஸின் ட்வீட் ஹெட்ஸுக்கும் இடையிலும் எல்லைக்கோடு ஒரு தெருவளவுதான். 482 விசா நீங்கள் யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எந்தக் கரையில் வீடு எடுக்கிறீர்கள் என்பதை அல்ல. வேலை இப்படிப்பட்ட எல்லை ஊரில் கிடைத்திருந்தால் வீடு பார்க்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கு

2025 ஜூலை 1-இல் தொடங்கிய நிதியாண்டுக்கு, ‘கோர் ஸ்கில்ஸ்’ பிரிவில் 482-க்கு ஸ்பான்சர் செய்ய ஆண்டுச் சம்பளம் குறைந்தது 76,515 டாலர் இருக்க வேண்டும் என்பது விதி. சூப்பர் எனப்படும் ஓய்வூதியப் பங்களிப்பு இதில் சேராது. அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி சுமார் 13,700 டாலர். கையில் வருவது ஏறக்குறைய 62,800.

ஒரு பேச்சுக்கு, பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் என்று வையுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் 12,000. கைக்கு வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சிட்னி வாடகை கொடுப்பதற்கு முன்பே போய்விட்டது. நான்கு ஆண்டு விசாவுக்கு 48,000. சிட்னியில் இதைவிட ஐயாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும், இதே குடும்பம் மெல்பர்னில் இந்தக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனால்தான் மிச்சம் கூடுதலாக இருக்கும். இரண்டு நகரங்களில் ஆஃபர் கையில் இருப்பவர்கள் சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுப்பது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே பள்ளிக்கு ஒரு வரி எழுதினால் பதில் தலைகீழாகக்கூடும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு மிச்சமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வருமானத்தில் 2 சதவீதம், அரசு மருத்துவத் திட்டமான மெடிகேருக்கு லெவியாகப் போகும். இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவப் பரிமாற்ற ஒப்பந்தம் இல்லை. ஆகவே அங்கிருந்து 482-இல் வருபவர்களுக்கு பொதுவாக மெடிகேர் கிடையாது. உரிமை இல்லாதவர்கள் லெவி கட்ட வேண்டியதில்லை. ஆனால் தானாக விட்டுவிட மாட்டார்கள். சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் ‘மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்’ வாங்கி, வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது விலக்கு கேட்க வேண்டும். 76,515 சம்பளத்துக்கு அது 1,500 டாலருக்குச் சற்று மேல். பள்ளிச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும்.

வேலை கொடுப்பவரிடம் எப்படிக் கேட்பது

ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்துக்குப் பல கடமைகள் உண்டு. உங்களை அந்த வேலைக்கு முன்மொழிவதற்கான நாமினேஷன் கட்டணத்தையும் பயிற்சி நிதிக்கான லெவியையும் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் கடமைகளில் இல்லை. ஆகவே உரிமையாகக் கேட்க முடியாது; ஆஃபரின் ஒரு பகுதியாகத்தான் கேட்க முடியும். கூச்சப்பட எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைக்கு இது பழகிய கேள்விதான். சின்ன நிறுவனங்களில் சில சமயம் அவர்களுக்கே தெரிந்திருக்காது. அங்கே மாநிலத் துறையின் கட்டணப் பக்கத்தை இணைத்து அனுப்பினால் பேச்சு சுலபமாகும்.

மூன்று விதமாகக் கேட்கலாம். சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்பது ஒன்று. அதற்கு வரி போகும், ஆனால் சிக்கல் இல்லை. இடமாற்றப் படியாக ஒருமுறை கொடுங்கள் என்பது இரண்டாவது. முதல் வருடத்துக்கு உதவும், இரண்டாம் வருடம் மீண்டும் நீங்களேதான். மூன்றாவது, கட்டணத்தை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது. இங்கேதான் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட்ஸ் வரி என்று ஒன்று குறுக்கே வரும். ஊழியருக்குச் சம்பளமில்லாத சலுகை கொடுத்தால் நிறுவனம் கட்டும் வரி அது. விகிதம் 47 சதவீதம். "அது முடியாது" என்று கணக்குப் பிரிவு சொல்வது பெரும்பாலும் இதை நினைத்துத்தான்.

ஆனால் அந்த வரிச் சட்டத்திலேயே, சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கும் ஊழியரின் பிள்ளைகளுடைய முழுநேரக் கல்விச் செலவுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நிபந்தனைகள் பொருந்தினால், சேலரி பேக்கேஜிங் முறையில், வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்தே கட்டணத்தைக் கழிக்க முடியும். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 12,000 டாலர் கட்டணத்தில் 3,600 மிச்சமாகும். அந்தத் தொழிலில் இப்படிச் சலுகை கொடுக்கும் வழக்கம் உண்டா என்பதெல்லாம் நிபந்தனைகளில் வரும். அதனால் நிறுவனத்தின் பே ரோல் பிரிவையும், பதிவு பெற்ற வரி ஏஜென்ட் ஒருவரையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் செய்தார் என்பது போதாது.

எப்படிப் பேசி முடித்தாலும் அது ஆஃபர் லெட்டரிலோ ஒப்பந்தத்திலோ ஒரு வரியாக வர வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் அன்பாகச் சொல்லலாம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த மேலாளர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். ஆஃபரில் சொல்லும் தொகை சூப்பரையும் சேர்த்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சூப்பர் 12 சதவீதம். சேர்த்துச் சொன்ன தொகைக்கும் சேர்க்காமல் சொன்ன தொகைக்கும் இடையில் ஒரு பிள்ளையின் கட்டணமே ஒளிந்திருக்கும்.

ஊரிலிருந்து கிளம்புமுன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா கிடைத்த கடிதம், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசி அட்டை. பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்யச் சொல்வார்கள்.

தடுப்பூசி அட்டையை அலட்சியமாக விடாதீர்கள். ஊரில் போட்ட ஊசிகள் ஆஸ்திரேலிய தடுப்பூசிப் பதிவேட்டில் தானாக ஏறாது. போய்ச் சேர்ந்ததும் அட்டையை ஒரு ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், காட்டிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். விடுபட்ட ஊசிகளை அவரே சொல்வார். அந்தப் பதிவிலிருந்து வரும் அறிக்கையைத்தான் தொடக்கப் பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் கேட்கும். நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் காப்பகங்கள் இதில் கறார்.

நம் ஊர்ப் பள்ளிகள் கொடுக்கும் டிசி-யை ஆஸ்திரேலியப் பள்ளிகள் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனாலும் வாங்கிக் கையோடு வைத்திருங்கள். திரும்பி வர நேர்ந்தால் இங்குள்ள பள்ளி முதலில் கேட்பது அதைத்தான்.

சிட்னி போகிறவர்களுக்கு: வரிசை மாறக் கூடாது

வேறு சில மாநிலங்களில் நேரே பள்ளிக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தால் அவர்களே வழி சொல்வார்கள். நியூ சவுத் வேல்ஸில் அப்படியில்லை. அங்கே தற்காலிக விசாக் குடும்பங்களுக்கு என்றே ‘டெம்பரரி ரெசிடென்ட்ஸ் புரோகிராம்’ என்ற ஏற்பாட்டைக் கல்வித் துறை நடத்துகிறது. அவர்களிடம் விண்ணப்பித்து, விண்ணப்பக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் கட்டி, ‘அத்தாரிட்டி டு என்ரோல்’ என்ற அனுமதியை வாங்கிய பிறகுதான் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். பள்ளி முதல்வர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் காகிதம் இல்லாமல் அவரால் எதுவும் செய்ய முடியாது. அவரிடம் மன்றாடுவது நேர விரயம்.

சரி, எந்தப் பள்ளி? வீட்டு முகவரிதான் முடிவு செய்யும். ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘ஸ்கூல் ஃபைண்டர்’ என்ற துறைத் தளத்தில் முகவரியைப் போட்டால் உங்கள் பள்ளி எதுவென்று காட்டும். விக்டோரியாவில் இதே வேலையை ‘ஃபைண்ட் மை ஸ்கூல்’ செய்கிறது. ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று தமிழர்கள் கூடுதலாக வாழும் பகுதிகளில் கூட்டம் மிகுந்த பள்ளிகள் முகவரிச் சான்றை வரி வரியாகப் பார்க்கும். வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது போன்றவற்றுக்கு இத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டு 100 புள்ளி கேட்பார்கள். நண்பர் வீட்டில் தங்கியிருக்கும் முதல் சில வாரங்களில் இது கஷ்டம். நிரந்தர வீடு எடுத்த பிறகு சேர்ப்பதே நல்லது. பாதியில் பள்ளி மாற்றுவது பிள்ளைக்கும் தொந்தரவு.

கட்டணம் பற்றி விண்ணப்பிக்கும்போது கேட்க வேண்டியவை: எந்த டேர்மிலிருந்து கணக்கு, தவணையாகக் கட்டலாமா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். நிஜமாகவே பணக்கஷ்டம் வந்தால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் வருமான ஆதாரங்களைக் கேட்பார்கள். சம்பளம் குறைவு என்று வாயால் சொன்னால் போதாது. விசாவை நீட்டித்தாலும் மாற்றினாலும் புது ஆவணங்களைக் கொடுத்து அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. "பி.ஆர். என்று டிக் பண்ணிடு, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீவோ என்ற தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் விசா நிலை நொடியில் வந்துவிடும். பொய்த் தகவல் கொடுத்த பதிவு ஒன்று, பின்னாளில் பி.ஆர். விண்ணப்பம் போடப்போகும் குடும்பத்துக்குத் தேவையா?

வகுப்பும் வயதும்

ஆஸ்திரேலியப் பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும்; நான்கு டேர்ம்கள். நுழைவுத் தேர்வு வைத்து வகுப்பு முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் வயதை வைத்துத்தான். நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறையும் பிள்ளை அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ‘கிண்டர்கார்டன்’ எனும் முதல் வகுப்பில் சேரலாம். குயின்ஸ்லாந்தில் ஜூன் 30, விக்டோரியாவில் ஏப்ரல் 30. நியூ சவுத் வேல்ஸில் 6 வயதுக்குள் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஐந்து வயதைத் தொடும் பிள்ளையை ஒரு வருடம் தாமதமாகச் சேர்த்தால் கட்டணம் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளை டே கேரில் இருக்க வேண்டும். சிட்னியில் அது நாளொன்றுக்கு 100 டாலருக்கு மேல். வாரம் மூன்று நாள் அனுப்பினாலே ஆண்டுக்கு 15,000 தாண்டும். மத்திய அரசின் குழந்தைக் காப்பக மானியம் 482 குடும்பத்துக்குக் கிடையாது. முழுத் தொகையும் உங்கள் பையிலிருந்துதான். கட்டணம் கட்டியே ஆனாலும் பள்ளிதான் மலிவு. விக்டோரியாவில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கான ‘ஃப்ரீ கிண்டர்’ திட்டத்துக்கு விசா நிபந்தனை இல்லை என்பதையும் மெல்பர்ன் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்கப் பள்ளியும் தனியார் பள்ளியும்

எப்படியும் பணம் கட்டத்தான் போகிறோம், அதைத் தனியார் பள்ளியில் கட்டினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் உள்ளூர்க் கட்டணம் தனியார் பள்ளிகளைவிட மிகக் குறைவு. இந்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எங்கள் விசாவுக்கு உள்ளூர்க் கட்டணமா, வெளிநாட்டு மாணவர் கட்டணமா? இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டு, பள்ளிக்குப் பள்ளி பதிலும் மாறும். தளத்தில் போட்டிருக்கும் தொகையை வைத்து முடிவு செய்யாமல், விசா எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பட்டியலில் வராத செலவுகள்

யூனிஃபார்ம், சுற்றுலா, மேல் வகுப்பில் லேப்டாப் எல்லாம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. பழைய யூனிஃபார்ம் விற்கும் கடை பல பள்ளிகளுக்குள்ளேயே இருக்கும். அங்கே வாங்குவதில் யாரும் எதுவும் நினைப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகள் ‘வாலன்டரி கான்ட்ரிபியூஷன்’ என்று ஒரு ரசீது அனுப்பும். பெயருக்கேற்ப அது விருப்பத் தொகைதான். கட்டணமே கட்டிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கட்டாவிட்டால் பிள்ளையை யாரும் ஒதுக்கிவைக்கப் போவதில்லை.

பெரிய செலவு பள்ளி விட்ட பிறகு வருவது. பள்ளி 3 மணி வாக்கில் முடிந்துவிடும். அலுவலகம் அப்படி முடியாது. காலை, மாலை காப்பக வசதிக்கும் மானியம் இல்லாததால் முழுக் கட்டணம். நியூ சவுத் வேல்ஸில் இலவசப் பள்ளிப் பயண அட்டையும், வெளிநாட்டு மாணவர்களில் இலவச அரசுக் கல்விக்கு உரிமை உள்ளவர்களுக்குத்தான் என்பது விதி. ஆகவே நடந்து போகும் தூரத்தில் வீடு பார்ப்பது கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் கட்டுப்படியாகும்.

நிலை மாறும்போது உடனே சொல்லுங்கள்

482-இல் ஒரே விதமாக நான்கு ஆண்டுகள் யாரும் இருப்பதில்லை. ஸ்பான்சரிடம் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு 186 என்ற நிரந்தர விசா வழியாக பி.ஆர். போடுவார்கள். பி.ஆர். கிடைத்த நாளிலிருந்து அரசுப் பள்ளி இலவசம். ஆனால் பள்ளிக்கு அது தானாகத் தெரியாது. கடிதம் வந்த அன்றே துறைக்கு அனுப்பி, முன்கூட்டிக் கட்டியதில் மிச்சம் இருந்தால் திரும்பக் கேளுங்கள். பி.ஆர். நெருங்குகிறது என்று தெரிந்தால் முழு ஆண்டுக்கும் ஒரேயடியாகக் கட்டாமல் தவணை கேட்பது புத்திசாலித்தனம்.

விண்ணப்பம் போட்டதுமே பிரிட்ஜிங் விசா கடிதம் வரும். அதை வைத்துக்கொண்டு "இனி கட்டணம் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 482 உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிரிட்ஜிங் விசா நடைமுறைக்கே வராது. உங்கள் மாநிலம் எந்த நாளிலிருந்து விலக்கு தருகிறது என்பதைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வேலை போனால்? 2024 ஜூலை முதல், ஸ்பான்சரை விட்டு விலகியவருக்கு வேறு ஸ்பான்சர் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். அந்த நாட்களில் பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். பணக்கஷ்ட விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம் அதுதான். பாக்கி ஏறிய பிறகு கேட்பதைவிட, வேலை போன வாரத்திலேயே கேட்டால் காது கொடுப்பார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளை உள்ளவர்கள் இதையும் பார்க்கவும்

நம்மவர்களின் கனவான செலக்டிவ் பள்ளிகள், அதாவது தேர்வு எழுதி இடம் பிடிக்க வேண்டிய அரசுப் பள்ளிகள், விஷயத்தில் நியூ சவுத் வேல்ஸின் வாசல் குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும் நியூஸிலாந்துக் குடிமக்களுக்கும்தான், 482-இல் இருக்கும்போது இடம் கிடையாது. கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் படித்த பிள்ளைகளுக்கு வேறொரு நல்ல செய்தி உண்டு. பள்ளி இறுதித் தேர்வுகளான நியூ சவுத் வேல்ஸின் ஹெச்எஸ்சியிலும் விக்டோரியாவின் விசிஇயிலும் தமிழ் ஒரு தேர்வுப் பாடம்.

பல்கலைக்கழகம்தான் உண்மையான மலை. மத்திய அரசு மானியம் உள்ள இடங்கள் குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும் நியூஸிலாந்துக் குடிமக்களுக்கும் மட்டுமே. 482-இல் இருக்கும் பிள்ளை ஆஸ்திரேலியாவிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். ஒரு வருடத் தொகையே, பள்ளிக்குப் பல வருடம் கட்டியதைத் தாண்டிவிடும். அதோடு 23 வயதுக்குப் பிறகு பிள்ளையைச் சார்ந்தவராகச் சேர்க்கவும் முடியாது. ஆகவே பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்கள் வேலை கொடுப்பவரிடம் பள்ளிக் கட்டணத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, பி.ஆர். ஸ்பான்சர்ஷிப் எப்போது என்பதுதான். இரண்டு ஆண்டுகள் முடிந்த உடனே 186 நாமினேஷன் போடுவோம் என்று எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால், அந்த ஆஃபரின் மதிப்பு எவ்வளவு என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.